பதினேழாவது வரி

நெட்வொர்க் ரிப்பேருக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுவார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுடுச்சு." இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ஒயர் பிடித்துக்கொண்டிருக்கிறேன், தானாக நின்ற ஒன்றை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஒயரை நாய் கடித்துவிட்டது என்பார்கள், நாயே இல்லாத வீட்டில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்தப் பெரியவர் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார். கதவைத் திறந்ததும், "நான்தான் ஏதோ பண்ணியிருக்கணும். என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். இப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம். அவரை அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துப்போனது.

மெலிந்த மனிதர், எழுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு பால்பாயிண்ட் பேனா. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவிட்சுகள்தான். ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் வெட்டி ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம். ஹால் விளக்கு, பத்து வாட். ஃபேன், எழுபது வாட். டி.வி., அணைச்சிருந்தாலும் மூணு வாட். கடைசியில் இருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பத்தினாலு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவன்மா" என்றார். "ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் ஓடுறதைப் பார்த்துப் பார்த்து, நம்ம வீட்ல ஒண்ணு சும்மா எரிஞ்சா உடம்புல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரி சொல்லுவா, தூங்கும்போது நான் மூச்சு விடறதுக்குக்கூட நீங்க சீட்டு ஒட்டிடுவீங்கன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது என்று, சிரிப்பு நின்ற அதே இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னார்.

விஷயம் இதுதான். கீழே ஹாலில் அவருடைய கம்ப்யூட்டர். மாடியில் மகளுடையது. "மேல்மாடி இன்னைக்கு ஆபீஸ் போயிருக்கு" என்று மகளைத்தான் சொன்னார், ஏதோ இலாகாவைச் சொல்வது போல. மகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். முன்பு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள், அம்மா போன பிறகு தினமும் ஆபீஸ். மாடிக் கம்ப்யூட்டரில் ஐந்து ஃபோல்டர்களை அப்பாவும் பார்க்கும்படி பகிர்ந்து வைத்திருந்தாள். அதில் ஒன்றின் பெயர் 'அம்மா'. அதுதான் திறக்கவில்லை.

"படமெல்லாம் இருக்கா ஐயா அதுல?"

"படம் இருக்கு. குரல்கூட இருக்கு. எனக்கு வேண்டியது அதெல்லாம் இல்ல. ஒரு லிஸ்ட் இருக்கு. அதை ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

மருந்துப் பட்டியலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்போலேர்ந்து திறக்கல?"

"தெரியாதும்மா. ஆறு மாசம் நான் அதைத் தொடவே இல்ல. தொடலாம்னு தைரியம் வந்த அன்னிக்குத் திறந்தேன், திறக்கல."

என் வழக்கம், முதலில் ஒயர், அப்புறம் ரௌட்டர் பெட்டி, கடைசியில்தான் கம்ப்யூட்டர். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கீபோர்டைத் தட்டுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெட்டி எங்கே என்று கேட்டேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி, அதன் கீழ்த்தட்டில், பின்னால் தள்ளி. மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டால்தான் தெரியும். பச்சை விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. எதற்கும் ஒரு தடவை அணைத்துப் போடலாம் என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

சுவிட்சைக் காணோம். அதாவது, சுவிட்ச் இருந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு மூட்டை இருந்தது. மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக, பிளக்கையும் சேர்த்து, எத்தனை சுற்று என்று எண்ண முடியாதபடி. யாரும் அணைக்கக் கூடாது என்று யாரோ முடிவுகட்டிச் சுற்றியிருக்கிறார்கள். இங்கே மட்டும் வாட் எழுதிய காகிதம் இல்லை. மகள் வேலையாக இருக்கும், அப்பாவை நன்றாக அறிந்த பெண் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அதைத் தொடாதீங்க" என்றார் பெரியவர், என் முதுகுக்குப் பின்னாலிருந்து. அதுவரை பேசிய குரல் இல்லை அது.

"தொடல ஐயா. பெட்டி நல்லாத்தான் இருக்கு."

ஹாலுக்குத் திரும்பிவந்து அவருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வெளி லைன் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "நெட் வருதா வரலையான்னு கவலைப்படாதீங்க. வீட்டுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதுக்கு வெளி நெட்டே வேண்டாம். நெட் இல்லாட்டியும் போகும்."

"அப்படித்தான் என் பொண்ணும் சொன்னா" என்றார்.

ஃபேனைப் போட்டார், உடனே அணைத்தார்.

நெட்வொர்க்கில் மூன்று பெயர்கள் இருக்க வேண்டும் என்று அவருடைய கம்ப்யூட்டர் நினைவு வைத்திருந்தது. 'மாடி', 'ஹால்', 'கட்டில்'. மகள் வைத்த பெயர்களாம். முதல் இரண்டும் உயிரோடு இருந்தன. 'கட்டில்' மட்டும் பதில் சொல்லவில்லை.

"அது என்ன ஐயா, கட்டில்?"

"அவ படுத்திருந்த ரூம்ல ஒரு பழைய லேப்டாப். இப்போ மூடி வெச்சிருக்கு."

மேலே தோண்டவில்லை. மாடிக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. பெயர், பாஸ்வேர்டு எல்லாம் ஏற்றுக்கொண்டது. 'பாட்டு' திறந்தது. 'வீட்டுப் பேப்பர்' திறந்தது. மற்ற இரண்டும் திறந்தன. 'அம்மா'வைத் தட்டினால் மட்டும், உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒயர் போனால் எல்லாம் போகும். பாஸ்வேர்டு தப்பென்றால் எதுவுமே திறக்காது. நான்கைத் திறந்து ஒன்றை மட்டும் மூடுவது பழுது கிடையாது. யாரோ மாடியில் உட்கார்ந்து, பார்க்கலாம் என்கிற பட்டியலிலிருந்து இவர் பெயரைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இது ரிப்பேர் இல்ல ஐயா. உங்க பேரை வேணும்னே எடுத்திருக்காங்க. உங்க பொண்ணுதான் எடுத்திருக்கணும்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியா" என்றார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார். "சரிம்மா. அப்போ நீங்க கிளம்புங்க."

"கிளம்பறதாவது. நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்."

"ஆபீஸ்ல இருப்பா. வேண்டாம்."

"பூட்டினவங்களைக் கேட்காம நான் எந்தப் பூட்டையும் திறக்கறதில்ல ஐயா. கேட்காமலும் போறதில்ல."

நம்பரைக் கொடுத்தார். மாடிப்படியில் பாதி ஏறி, அங்கே நின்று பேசினேன், அவர் காதில் விழ வேண்டாம் என்று. அந்தப் பெண் எடுத்ததும் நான் யார் என்று சொன்னேன், சொன்ன கையோடு சத்தமும் போட்டேன். பெற்ற அப்பா, பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிற மனுஷன், அவரை இப்படி வெளியே நிறுத்திவைக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். எனக்கு இதெல்லாம் தேவையில்லாத வேலை. ஆனால் அவர் பேனாவை எடுத்துப் பார்த்த விதம் என்னை என்னவோ செய்துவிட்டது.

அவள் கடைசி வரை குறுக்கே பேசவில்லை. "அப்பா பக்கத்துல இருக்காரா மேடம்?" என்றாள்.

"இல்ல. கீழே இருக்கார்."

"அப்போ நான் சொல்றதைக் கேளுங்க. அது ஃபால்ட்டுன்னு சொல்லிடுங்க. டிஸ்க் கெட்டுப்போச்சு, எடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ். அப்பா என்கிட்ட கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

"ஏன்?"

சொன்னாள். வேலையைப் பற்றிச் சொல்வது போல வரிசையாகவே சொன்னாள், இடையில் ஒரே ஒரு முறைதான் நிறுத்தினாள்.

அம்மாவுக்குக் கடைசி ஒரு வருஷம் எழுந்திருக்க முடியாது. குரலும் போய்விட்டது, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அதனால் மகள் ஒரு பெல் செய்தாள். கட்டிலோரம் ஒரு பழைய லேப்டாப், அதோடு உள்ளங்கை அளவில் ஒரு பெரிய பட்டன். அம்மா அதை அழுத்தினால், மாடியில் இருக்கும் 'அம்மா' ஃபோல்டரில் ஒரு லிஸ்டில் நேரத்தோடு ஒரு வரி விழும். வரி விழுந்தால் மாடிக் கம்ப்யூட்டர் மணி அடிக்கும். வழியில் ஏதாவது தடை என்றால் அந்த வரியைக் கட்டில் லேப்டாப் பிடித்து வைத்துக்கொண்டு, வழி திறந்ததும் அனுப்பிவிடும். ஒரு அழைப்புகூட வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

"ஒரு வாரம் வெளி லைன் ரெண்டு நாள் வரல. அப்பவும் பெல் அடிச்சது. அப்பாவுக்கு ஆச்சரியம். நெட் இல்லாம எப்படி அடிக்குதுன்னு கேட்டார். நான் பெருமையா சொன்னேன், இதுக்கு நெட்டே வேண்டாம்ப்பா, அது இல்லாட்டியும் அடிக்கும்னு."

அரை மணிக்கு முன்னால் அதே வாக்கியத்தை அதே மனுஷனிடம் சொன்ன வாய் என்னுடையது.

"உண்மைதான். வெளி லைன் வேண்டாம். ஆனா பெட்டி வேணும். அதை நான் சொல்லல. சொல்லணும்னு தோணவே இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ராத்திரியெல்லாம் அம்மாவோட முழிச்சிருந்துட்டு, காலைல மாடில போய்ப் படுத்தேன். பெல் அடிச்சா எழுந்துக்கலாம்னு. அம்மாவும் தூங்கிட்டிருந்தாங்க. அப்பா வாரத்துல அந்த ஒரு நாள்தான் காத்தாட நடக்கப் போவார். போறப்போ பெட்டியை அணைச்சுட்டுப் போயிருக்கார். யாரும் நெட் பார்க்கல, பெல்லுக்கும் வேண்டாம், சும்மா ஏன் எரியணும்னு நினைச்சிருப்பார்."

இங்கேதான் நிறுத்தினாள்.

"திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். பிடிச்சு வெச்சிருந்த வரியெல்லாம் ஒண்ணா வந்துது. மாடில மணி நிக்காம அடிச்சது. நான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டே ஓடினேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கிட்டிருந்தது, பேச்சு வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மறுநாள் போய்ட்டாங்க. நாப்பது நிமிஷத்துல பெரிசா எதுவும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். நான் நம்பறேன். அப்பா நம்ப மாட்டார். அவருக்கு இது தெரியவே கூடாது. பெல் ரிப்பேர், பெல் ரிப்பேர்னு ஆஸ்பத்திரியில பார்க்கறவங்ககிட்டயெல்லாம் நான் சொன்னதே அவர் காதுல விழணும்னுதான். அந்த லிஸ்ட்டைப் பார்த்தா நேரம் தெரிஞ்சுடும். அதான் பூட்டினேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவளைத்தான் பெற்ற அப்பனை வெளியே நிறுத்தினவள் என்று ஏசியிருக்கிறேன். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். என் வேலையில் அதைவிடச் சுலபமான பொய் கிடையாது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டுமே என்று, "அதனாலதான் அந்த சுவிட்சுல அவ்வளவு டேப் சுத்தியிருக்கீங்களா" என்றேன்.

"எந்த சுவிட்சுல?"

"செருப்பு அலமாரிக்குள்ள. ரௌட்டர் சுவிட்சுல. கறுப்பு டேப்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நான் சுத்தல" என்றாள். "அந்த அலமாரிப் பக்கமே ஏழு மாசமா நான் போகல அக்கா. செருப்பைக்கூட வெளியிலதான் விடறேன்."

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. "நான் வரேன்" என்றாள். "நான் வர்ற வரைக்கும் அங்கயே இருங்க. தனியா விடாதீங்க."

கீழே இறங்கி வந்தேன். பெரியவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே உட்கார்ந்தேன். பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. "உங்க பொண்ணு வந்துட்டிருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "கோவமா இருக்காளா?"

"இல்ல ஐயா."

"இருக்கணும்மா. நியாயம் அதுதான்." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க அலமாரியில பார்த்தீங்களே, அதை நான்தான் சுத்தினேன். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு."

அவரே சொன்னார்.

"மூணு பச்சை லைட்டு, பன்னெண்டு வாட். யாருக்கும் வேண்டாம்னு நினைச்சு அணைச்சேன். திரும்பி வந்தேன். செருப்பைக் கழட்டி உள்ள வெக்கறப்பவே சுவிட்சைப் போட்டேன், பொண்ணு எழுந்து வந்ததும் நெட்டைத் தேடுவாளேன்னு. அதுக்கு உயிர் வந்து ஒரு நிமிஷம் ஆகலை, மேல மணி அடிக்க ஆரம்பிச்சது. ஒண்ணு, ரெண்டுன்னு. முப்பத்தினாலு வருஷம் எண்ணிப் பழகின புத்தி. அடிக்கறதை எண்ணிக்கிட்டு அங்கயே நின்னேம்மா. பொண்ணு படியில ஓடிவந்து என்னைத் தாண்டி ரூமுக்குள்ள போனா. நான் அப்பவும் எண்ணிக்கிட்டிருக்கேன். பதினேழு. பதினேழு முடிஞ்சப்புறம்தான் எனக்குக் கால் நகர்ந்தது."

"ஐயா..."

"பெல் பழுதாயிடுச்சுன்னு அவ எல்லார்கிட்டயும் சொன்னா. பாவம், தான் செஞ்ச பெல்லுதான் அம்மாவைக் கைவிட்டுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் பக்கத்துலதான் நிக்கறேன். வாயைத் திறக்கல. அன்னிக்குத் திறக்காத வாய் அப்புறம் திறக்கவே இல்ல. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். காலைல ஆபீஸ் கிளம்பும்போது போயிட்டு வரேன்பான்னு சொல்லுவா பாருங்க, அதுல அந்தத் தைரியம் போயிடும்."

"லிஸ்ட்டைப் பார்த்து என்ன ஐயா பண்ணப் போறீங்க?"

"எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியும். எப்போலேர்ந்து எப்போ வரைக்கும்னு தெரியாது. நான் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி படபடன்னு பதினேழு தடவை அழுத்தியிருந்தா அது ஒரு விதம். நான் கேட்டைத் தாண்டினதும் ஆரம்பிச்சு நாப்பது நிமிஷமும் அழுத்திக்கிட்டே கிடந்திருந்தா அது வேற. முதல் ரீடிங்கும் கடைசி ரீடிங்கும் இல்லாம எந்த மீட்டரையும் எழுத முடியாதும்மா. ஏழு மாசமா ராத்திரியெல்லாம் ரெண்டு விதமாவும் நானே எழுதிப் பார்த்துட்டேன்."

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை மறக்காமல் கவிழ்த்து வைத்தார்.

மகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், அப்பாவின் அதே மெலிந்த முகம். வாசலில் செருப்பைக் கழற்றினாள். வெளியே விடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, செருப்பு அலமாரியின் முன் மண்டியிட்டாள். தலையை உள்ளே விட்டு அந்த டேப்பைப் பார்த்தாள். முதுகு குலுங்கியதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?" என்றாள், திரும்பாமலே.

"நீ ஏன் சொல்லல?"

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றி என் முன்னால் பேசவில்லை. அவள் எழுந்து மாடிக்குப் போனாள். கீழே நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இப்போ பாருங்கப்பா" என்று மேலிருந்து குரல் வந்தது. பெரியவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு 'அம்மா'வைத் தட்டினார். திறந்தது. ஒரு வருஷத்து அழைப்புகள், நூற்றுக்கணக்கான வரிகள். அவர் எதிலும் நிற்கவில்லை, நேராகக் கடைசிக்குப் போனார். மகள் இறங்கிவந்து அவர் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேனாவை எடுத்து, திரையில் வரி வரியாக வைத்து வாய்விட்டுப் படித்தார். முப்பத்தினாலு வருஷம் வாசல் வாசலாக நின்று படித்த குரல்.

"பத்து நாப்பத்தொண்ணு. பத்து நாப்பத்தொண்ணு. பத்து நாப்பத்திரண்டு. நான் பத்து முப்பதுக்குக் கிளம்பினேன். பத்து நிமிஷம் தூங்கியிருக்கா." அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒரு பெருமூச்சு விட்டார். "நாப்பத்தி நாலு. நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு."

பதினாறாவது வரி, பத்து ஐம்பத்து மூன்று. பேனா அடுத்த வரிக்கு இறங்கி நின்றுவிட்டது.

பதினேழாவது வரி, பதினொன்று பத்து.

"நடுவுல பதினேழு நிமிஷம் கூப்பிடவே இல்ல" என்றார்.

"யாரும் வரலைன்னதும் விட்டிருப்பாங்கப்பா" என்றாள் மகள். "கண்ணை மூடிட்டிருப்பாங்க."

"அப்புறம் ஏன் பதினொண்ணு பத்துக்கு ஒண்ணே ஒண்ணு?"

மகளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. பேனா திரையை விட்டு விலகவில்லை.

"நான் கேட்டைத் திறந்தேன்" என்றார். "அது கிறீச்சுன்னு சத்தம் போடும். எண்ணெய் போடச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருக்கா. அந்தச் சத்தம் கேட்டிருக்கு அவளுக்கு. நான் வந்துட்டேன்னு தெரிஞ்சு கூப்பிட்டிருக்கா. இது உன்னைக் கூப்பிட்டது இல்லடி. என்னைக் கூப்பிட்டது."

பிறகு அவர் அழுதார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நான் சுவிட்சுக்குப் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "சுவிட்சைப் போட்டதாலதான்ப்பா எனக்குக் கேட்டுது, சுவிட்சைப் போட்டதாலதான் நான் வந்தேன்" என்றாள். அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் சுவரில் இருந்த வாட் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண்ணீர் மறைத்துக்கொண்டுதான் இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன். மகள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஒரு வேலை இருக்கு. அந்தக் கட்டில் லேப்டாப்பை மறுபடி இணைச்சுக் குடுங்க. அப்பாவும் அந்த ரூம்லதான் படுக்கறார். ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடணும்."

வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ரூமுக்கு வழி காட்டினார். கட்டிலோரம் ஒரு ஸ்டூல். அதன் மேல் மூடிய லேப்டாப், துணி போட்டுப் போர்த்தியிருந்தது. பக்கத்தில் அந்தப் பெரிய பட்டன், மஞ்சள் நிறத்தில். நடுவில் மட்டும் நிறம் தேய்ந்து வெளுத்திருந்தது.

லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றி, நெட்வொர்க்கில் சேர்த்தேன். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு, நெடுநாள் பதில் சொல்லாமல் கிடந்த 'கட்டில்' என்ற பெயர் மற்ற இரண்டோடு போய்ச் சேர்ந்துகொண்டது. வரி போய் விழ வேண்டிய இடம் இன்னும் அந்தப் பழைய லிஸ்டாகவே இருந்தது.

"அப்படியே விட்டுடட்டுமா?" என்றேன். "நீங்க அழுத்தினா அதுக்குக் கீழே அடுத்த வரி வரும்."

"வேண்டாம்" என்றார் உடனே. "அவ லிஸ்ட்ல என்னைச் சேர்க்காதீங்க. அவளோடதுல அதுதான் கடைசி வரியா இருக்கணும். எனக்கு வேற ஒண்ணு போடுங்க."

மகளைப் பார்த்தேன். தலையாட்டினாள். மாடிக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, 'அப்பா' என்று பெயர் வைத்து, உள்ளே ஒரு வெற்று லிஸ்டை வைத்தோம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் மாடியிலேயே நின்றுகொண்டாள். நான் இறங்கிவந்து அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். இந்தத் தடவை மறக்காமல் சொன்னேன். "ஐயா, இதுக்கு வெளி நெட் வேண்டாம். ஆனா அந்தப் பெட்டி எப்பவும் எரியணும்."

"டேப் சுத்தியிருக்கும்மா" என்றார்.

"அழுத்துங்க ஐயா. சும்மா டெஸ்ட்தான்."

உள்ளங்கையை அந்த வெளுத்த இடத்தில் வைத்தார். உடனே அழுத்தவில்லை. அந்த அம்மாவின் கை அங்கே எப்படி இருந்திருக்கும் என்று பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அழுத்தினார். மேலே மணி ஒரு தடவை அடித்தது.

கேட்டுது என்று மேலேயிருந்து குரல் வரும், பையைப் பூட்டலாம் என்று காத்திருந்தேன். குரல் வரவில்லை. படிகளில் காலடிச் சத்தம்தான் வந்தது, இரண்டிரண்டு படியாக, வேகமாக. டெஸ்ட் என்று தெரிந்தும் அவள் ஓடிவந்திருந்தாள். மூச்சிரைக்க ரூம் வாசலில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடா" என்றார் அவர். "நான்தான். மெதுவா வா."